இரைப்பையை முடுக்கும் மாத்திரையும் நடுங்கும் கையும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் வயது 64. தஞ்சைப் பகுதியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 17 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு; மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சலுக்கென்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதித் தந்த பான்டோபிரசோல், டோம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூலை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவந்தேன். இரண்டு ஆண்டுகளாக நாலு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, ஏப்பம், உப்புசம், சில நாள் காலையில் வாந்தி எடுத்தால் முந்தின இரவு உண்ட சோறு அப்படியே வருகிறது. உண்டு ஒரு மணி நேரத்தில் படபடத்து வியர்ப்பதும் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன் வேறொரு மருத்துவர் ரேபிபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்ஸ்யூலுக்கு மாற்றினார். முதலில் நல்ல குணம் தெரிந்தது. இப்போது மூன்று மாதங்களாக வலது கை நடுங்குகிறது, நடையும் தளர்ந்துவிட்டது. முகத்தில் சிரிப்பே இல்லை என்கிறார் என் துணைவியார். உறவினர் ஒருவர், தாம் சாப்பிடும் டிரைஹெக்சிஃபெனிடில் என்னும் நடுக்க மாத்திரையை வாங்கிப் போடச் சொல்கிறார். இந்த மருந்துகள் வயிற்றை எப்படி இயக்குகின்றன? ஆயுள் முழுவதும் சாப்பிடலாமா? இந்த நடுக்கம் வயதினால் வந்ததுதானா?

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விக்குத்தான் நான் முதலில் விடை சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் காத்திருக்கலாம், அது காத்திருக்கக் கூடாது. உங்கள் கை நடுக்கமும், நடைத் தளர்ச்சியும், முகத்தில் உணர்ச்சி குறைந்ததும் லெவோசல்பிரைடு மருந்தினால் வந்திருக்கக் கூடும் என்பதே என் வலுவான ஐயம். நேரில் பரிசோதிக்காமல் இதை முடிவாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மாத்திரை தொடங்கிய காலமும் அறிகுறி தோன்றிய காலமும் பொருந்தி வருவதால், இந்த வாரத்திற்குள்ளேயே அந்த மருந்தை எழுதிய மருத்துவரிடம் சென்று, நடுக்கத்தைக் காட்டி, இதை நிறுத்தலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். நீங்கள் என்னிடம் வந்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். உறவினர் சொன்ன நடுக்க மாத்திரையை மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள். அது ஏன் உங்கள் வயிற்றுக்கே எதிரானது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள, இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரைப்பை என்பது உணவு போய் விழும் வெறும் பை அன்று. அதன் மேற்பகுதிக்கு ஒரு வேலை, கீழ்ப்பகுதிக்கு வேறொரு வேலை. நாம் விழுங்கத் தொடங்கியதுமே மேற்பகுதி தன்னைத் தளர்த்திக்கொண்டு, உள்ளழுத்தம் ஏறாதபடி உணவுக்கு இடம் கொடுக்கிறது. கீழ்ப்பகுதி ஆட்டுக்கல்லைப் போன்றது: நிமிடத்திற்கு மூன்று முறை எழும் அலைகள் உணவைக் கீழ்நோக்கித் தள்ள, அங்கே பைலோரஸ் என்னும் வாயில் பெரும்பாலும் மூடியே இருப்பதால் உணவு அதில் மோதித் திரும்பி வந்து மறுபடியும் அரைபடுகிறது. இப்படி அரைபட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நுணுகிய துகள்களையே அந்த வாயில் முன்சிறுகுடலுக்குள் விடும். காவிரிக் கரைக்காரரான உங்களுக்கு மடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் இந்த மடையைத் திறப்பதும் அடைப்பதும் வாய்க்காலின் கையில் இருக்கிறது என்பதுதான் இதில் வியப்பு. முன்சிறுகுடலுக்குள் கொழுப்போ அமிலமோ அளவுக்கு மேல் வந்துவிட்டால், அது நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் இரைப்பைக்குச் செய்தி அனுப்பி, உணவு வரத்தை மட்டுப்படுத்திவிடும். எண்ணெயில் பொரித்த பூரி நெடுநேரம் வயிற்றில் கிடப்பதும், மோர் விரைவில் இறங்கிவிடுவதும் இதனால்தான்.

நிமிடத்திற்கு மூன்று என்ற தாளத்தைப் போடுபவை, இரைப்பைச் சுவரில் தசைக்கும் நரம்புக்கும் இடையில் வலைபோல் பரவியிருக்கும் கஹால் செல்கள். முன்சிறுகுடலில் இந்தத் தாளம் நிமிடத்திற்குப் பன்னிரண்டு வரை போகும். தாளம் இருந்தால் மட்டும் தசை சுருங்கிவிடாது. நரம்பு முனைகளிலிருந்து அசெட்டைல்கொலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டால்தான் அந்தத் தாளம் வலுவான சுருக்கமாக மாறும். இந்த ஒரு பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையை இயக்கும் முடுக்கி மருந்துகள் கிட்டத்தட்ட எல்லாமே இதைச் சுற்றியே வேலை செய்கின்றன.

உண்ணாத நேரத்தில் வேறோர் இயக்கம் நடக்கிறது. சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ தொடங்கும் ஒரு பலமான அலைத் தொடர், அரைபடாமல் மிஞ்சிய நாரையும் சக்கையையும் சிறுகுடல் நெடுகிலும் பெருக்கிக்கொண்டு போகும். மோட்டிலின் என்னும் ஹார்மோன் இதைத் தூண்டுகிறது. ஒரு வாய் உணவு உள்ளே போனதும் இந்தப் பெருக்கும் வேலை நின்று, அரைக்கும் வேலை தொடங்கிவிடும். நாள் முழுவதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவர்களின் குடலுக்கு இந்தத் துப்புரவுக்கு நேரமே கிடைப்பதில்லை.

நீண்டகாலச் சர்க்கரை நோயில் கஹால் செல்கள் குறைந்துபோகின்றன. இரைப்பைக்கு மூளையிலிருந்து ஆணை கொண்டுவரும் வேகஸ் நரம்பும் சேதமடைகிறது. பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் தரும் அதே நரம்புச் சேதம்தான் இங்கேயும் நேர்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அரைக்கும் வேலை தளர்ந்து உணவு தேங்கும் இந்த நிலையை கேஸ்ட்ரோபாரிசிஸ் என்கிறோம். நம் ஊர்ப் பெரியவர்களின் 'மந்தம்' என்ற சொல் இதற்கு வெகுவாகப் பொருந்துகிறது. இரவுச் சோறு காலையில் அப்படியே வருவது இதன் அடையாளம். உண்ட ஒரு மணி நேரத்தில் வரும் படபடப்பும் எனக்கு அதையே சொல்கிறது: கிளிமிபிரைடு தன் நேரத்திற்கு இன்சுலினைச் சுரக்கச் செய்துவிடுகிறது, சோறோ இன்னும் இரைப்பையை விட்டு இறங்கவில்லை, அதனால் சர்க்கரை தாழ்கிறது. பிறகு உணவு தாமதமாக இறங்கும்போது, எதிர்பாராத நேரத்தில் சர்க்கரை ஏறுகிறது. அடுத்த முறை படபடக்கும்போது விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சர்க்கரை தாழ்ந்திருந்தால் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடியுங்கள். இனிப்புப் பலகாரம் வேண்டாம், அதிலுள்ள நெய்யே அதன் வேகத்தைக் கெடுத்துவிடும். அந்தக் குறிப்பைச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டினால் கிளிமிபிரைடின் அளவையோ மருந்தையோ அவர் மாற்றக் கூடும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். இரைப்பைச் சுவரில் அசெட்டைல்கொலின் வெளிப்படுவதை டோபமின் என்னும் மற்றொரு பொருள் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. டோபமின் அமரும் ஏற்பியை அடைத்துவிட்டால் அந்தக் கடிவாளம் தளர்ந்து, அசெட்டைல்கொலின் பெருகி, இரைப்பையின் கீழ்ப்பகுதி பலமாகச் சுருங்கும்; அது சுருங்கும் நேரத்தில் முன்சிறுகுடல் வழிவிட்டுத் தளர்வதும் சீராகும். மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு, ஐட்டோபிரைடு ஆகியவை இந்த வழியில் வருபவை. இரண்டாவது வழி, செரோடோனின் என்னும் வேறொரு வேதிப்பொருளுக்கான நான்காம் வகை ஏற்பியைத் தூண்டி நரம்பு முனையிலிருந்து அசெட்டைல்கொலினை வரவழைப்பது. மொசாபிரைடு இந்த வழியில் செல்கிறது, மெட்டோகுளோபிரமைடுக்கும் லெவோசல்பிரைடுக்கும் இந்தக் குணமும் ஓரளவு உண்டு. மூன்றாவது வழி, வெளிவந்த அசெட்டைல்கொலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அது அதிக நேரம் நிலைக்கச் செய்வது. ஐட்டோபிரைடு இதையும் சேர்த்துச் செய்கிறது. ஜப்பானில் 2013-இல் அனுமதி பெற்ற அக்கோட்டியாமைடும் இந்த வழியில் செல்வதுதான். நான்காவது வழி சற்று விந்தையானது. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மோட்டிலின் ஏற்பியில் போய் அமர்ந்து, இரைப்பையை மிகப் பலமாகச் சுருங்க வைக்கிறது. இரத்த வாந்தியோடு வருபவருக்கு எண்டோஸ்கோப்பி செய்வதற்கு முன்னால், உள்ளே தேங்கிய இரத்தக் கட்டிகளை இறக்குவதற்கு இதை இரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பதுண்டு. ஆனால் தொடர்ந்து கொடுத்தால் சில வாரங்களில் அந்த ஏற்பிகள் மரத்துப்போய்விடுகின்றன.

டோபமின் வழி மருந்துகளின் ஆட்சி இரைப்பையோடும் முன்சிறுகுடலோடும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே மலச்சிக்கலுக்கு டோம்பெரிடோனை நம்புவதில் பயனில்லை. செரோடோனின் வழி மருந்துகள் பெருங்குடல் வரையிலும் செல்லும்.

இந்த மருந்துகளை உணவுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னால் சாப்பிடச் சொல்வது, சோறு வந்து சேரும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். உண்டபின் போட்டால், தேங்கி நிற்கும் இரைப்பையில் மாத்திரையும் சோற்றோடு சோறாகக் கிடக்கும்.

இப்போது கடிவாளம் என்று சொன்னேனே, அதன் மறுபக்கத்திற்கு வருகிறேன். டோபமின் வயிற்றில் மட்டும் இல்லை. மூளையின் அடியாழத்தில் நம் அசைவுகளைச் சீராக்குவதும் அதுவே. பார்க்கின்சன் நோயில் குறைந்துபோவதும் அதுதான். ஆகவே, மூளைக்குள் புகக்கூடிய எந்த டோபமின் தடுப்பு மருந்தும், ஏற்கெனவே வயதினால் அந்தச் சேமிப்பு குறைந்துவரும் ஒருவரிடம், பார்க்கின்சன் நோயைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு நிலையை உண்டாக்கிவிடக் கூடும். லெவோசல்பிரைடு மூளைக்குள் புகக்கூடியது. வேறு அளவில் மனநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அது என்பதை, 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் அதை வாங்கிச் செல்பவர்களில் பெரும்பாலோர் அறியமாட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. நம் நாட்டில் அமிலக் குறைப்பு மருந்தோடு ஒரே கேப்ஸ்யூலுக்குள் சேர்ந்து ஏராளமாக விற்கிறது.

மெட்டோகுளோபிரமைடின் கதையும் இத்தகையதே. 1964-இல் பிரான்ஸில் வெளிவந்த இந்த மருந்து இன்றும் வாந்திக்குக் கைகொடுக்கிறது. ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் நாக்கும் உதடும் தாடையும் தம் இச்சைக்கு அசையும் ஒரு கோளாறு வரலாம் என்பதாலும், மருந்தை நிறுத்தினாலும் அது சிலரிடம் நீங்குவதில்லை என்பதாலும், 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் அட்டையில் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. 12 வாரங்களுக்கு மேல் கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் இன்னும் இறுக்கி, ஐந்து நாள்களுக்குள் முடிக்கும்படி அறிவுறுத்தியது. இளம் வயதினரிடம் இதே மருந்து ஓரிரு நாள்களிலேயே வேறொரு வேடிக்கை காட்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த நாள்களில், வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பப்பட்ட ஒரு பதினேழு வயதுப் பெண்ணை, கழுத்து ஒருபுறம் முறுக்கி, கண்கள் மேலே செருகிய நிலையில் கொண்டுவந்தார்கள். வீட்டார் வேப்பிலை அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நானோ டெட்டனஸ் என்னும் வில்வாதம் என்று எண்ணிப் பதறினேன். மூத்த செவிலியர் ஒருவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "காலையில என்ன ஊசி போட்டாங்கன்னு கேளுங்க சார்" என்றார். புரோமெத்தசின் ஊசி போட்ட அரை மணிக்குள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். அன்று முதல், நரம்புக் கோளாறு என்று யார் வந்தாலும் அவர்களுடைய மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

நீங்கள் முன்பு சாப்பிட்ட டோம்பெரிடோன், 1970-களில் பெல்ஜியத்தின் ஜான்சென் ஆய்வுக்கூடத்தில், மூளைக்குள் எளிதில் புகாதபடி உருவாக்கப்பட்டது. வாந்தியைத் தூண்டும் மையம், இரத்தத்திலுள்ள பொருள்களை மூளைக்குள் எளிதில் விடாத காவல் வேலிக்கு வெளியே இருப்பதால் வாந்தி அடங்கும், நடுக்கம் அரிது. ஆனால் பிட்யூட்டரி சுரப்பியும் அந்த வேலிக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே டோபமினின் கட்டுப்பாடு விலகினால், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் ஏறும். பெண்களுக்கு மாதவிலக்குத் தவறும், குழந்தை பெறாதவருக்கும் பால் சுரக்கும், ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும். லெவோசல்பிரைடிலும் இது நேர்கிறது. இதைவிடக் கவலைக்குரியது இதயம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை மின்னேற்றத்தை மீட்டுக்கொள்ள எடுக்கும் நேரத்தை டோம்பெரிடோன் நீட்டக் கூடும். அது அளவு கடந்து நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். 60 வயதைக் கடந்தவர்கள், நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், வாந்தியினால் பொட்டாசியம் குறைந்தவர்கள் ஆகியோரிடம் இந்த ஆபத்து கூடுகிறது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் போன்ற மருந்துகள் டோம்பெரிடோன் கல்லீரலில் சிதைவதைத் தடுப்பதோடு தாமும் அதே மின்னேற்ற நேரத்தை நீட்டுவதால், சேர்ந்து உள்ளே போகவே கூடாது. சளிக்கென்று ஒரு மருத்துவரிடமும் வயிற்றுக்கென்று வேறொருவரிடமும் செல்லும்போது இந்தச் சேர்க்கை வெகு சுலபமாக நேர்ந்துவிடுகிறது.

இதே காரணத்தால் முற்றிலும் வீழ்ந்த மருந்து ஒன்று உண்டு. சிசாபிரைடு 1990-களில் உலகெங்கும் கொண்டாடப்பட்டது. நெஞ்செரிச்சலுக்குக் குழந்தைகளுக்குக்கூட எழுதப்பட்டது. இதயத் துடிப்புக் கோளாறால் உயிரிழப்புகள் தெரியவந்ததும் 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய முகமை 2014-இல் டோம்பெரிடோனைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளைக்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரத்திற்குள் என்று சுருக்கியது. உப்புசம், நெஞ்செரிச்சல் ஆகியவற்றை அதன் பயன்களின் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. நீங்கள் நெஞ்செரிச்சலுக்கென்று நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இதில் உங்களைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. குறை எங்கள் பக்கம் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு வேண்டியது அமிலத்தைக் குறைக்கும் மருந்து. இரைப்பை மந்தமாக இருப்பது சோதனையில் தெரிந்தாலொழிய, நெஞ்செரிச்சலுக்கு எந்த முடுக்கி மருந்தும் வேண்டாம் என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்துவிட்டால், எழுதுபவருக்குக் கை பழகிவிடுகிறது. வாங்குபவருக்கோ உள்ளே இரண்டு மருந்து இருப்பதே தெரிவதில்லை. முடுக்கி மருந்தை நான் வெறுப்பவன் அல்லன்; தேவையானவருக்கு நானே எழுதுகிறேன். எதற்காக, எத்தனை நாள் என்ற இரண்டையும் சீட்டில் குறிக்க முடியாவிட்டால் அதை எழுதக் கூடாது என்பதே என் கட்சி.

ஆயுள் முழுவதும் சாப்பிடலாமா என்ற உங்கள் கேள்விக்கும் அதுவே விடை: கூடாது. மந்தம் உறுதியான சிலருக்கு நீண்ட காலம் தேவைப்படலாம்; அப்போதும் இ.சி.ஜி. எடுத்து, சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்து, மிகக் குறைந்த அளவில், இடையிடையே நிறுத்திப் பார்த்துத்தான் தொடர வேண்டும்.

உங்களுக்கு மந்தம் இருக்கிறது என்று நான் ஊகிக்கிறேனே தவிர, அது இன்னும் உறுதிப்படவில்லை. 64 வயதில் நாலு கவளத்தில் வயிறு நிறைவதும் பழைய உணவு வாந்தியாவதும் பைலோரஸ் வாயிலில் புண்ணோ புற்றோ வந்து அடைத்திருந்தாலும் நேரும். ஆகவே முதல் சோதனை எண்டோஸ்கோப்பி. அதற்கு முன்னால் புதிதாக எந்த முடுக்கி மருந்தும் வேண்டாம், ஏனெனில் அடைபட்ட மடையின் மேல் நீரை முடுக்குவதால் கரைக்குத்தான் கேடு. இந்த இரண்டு ஆண்டுகளில் எடை குறைந்திருக்கிறதா, மலம் தார் போல் கறுத்துப் போயிருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் இதை நாள்கணக்கில் அன்றி உடனே செய்ய வேண்டும்.

அடைப்பு இல்லை என்றானபின், மந்தத்தை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கருவையும் ரொட்டியையும் உண்ணச் செய்து, நான்கு மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேமரா வழியாகப் பார்ப்பார்கள். நான்காவது மணியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சியிருந்தால் மந்தம் என்று பொருள். அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் இது கிடைக்கும். முடுக்கி மருந்துகளை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அன்று காலை சர்க்கரை மிக உயர்ந்திருக்கவும் கூடாது, ஏனெனில் உயர்ந்த சர்க்கரையே இரைப்பையை அந்த நேரத்திற்கு மந்தப்படுத்திவிடும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் ஒருவகையில் முடுக்கி மருந்துதான் என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு.

இந்தச் சோதனையில் அளவு சரியாக இருந்து, வயிறு நிறைந்த உணர்வு மட்டும் தொடருமானால், கோளாறு அரைக்கும் கீழ்ப்பகுதியில் இல்லை. இடம் கொடுக்க மறுக்கும் மேற்பகுதியிலோ, சிறு அழுத்தத்தையும் பெரிதாக உணரும் நரம்பிலோ இருக்கிறது. அங்கே முடுக்குவதால் பெரிய பயனில்லை. மனக்கலக்கமும் இதில் சேரும். 1890-களின் இறுதியில் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர், எக்ஸ்ரே வழியாகப் பூனைகளின் இரைப்பை அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை மிரண்டால் அலைகள் நின்றுபோவதையும் அது அமைதியானதும் திரும்புவதையும் கண்டார். சாப்பாட்டுத் தட்டின் முன் வாக்குவாதம் வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதில் உடலியல் இருக்கிறது.

இனி அந்த நடுக்க மாத்திரை. டிரைஹெக்சிஃபெனிடில் அசெட்டைல்கொலினை அடைக்கும் மருந்து. கை நடுக்கம் ஓரளவு அடங்கும், உண்மைதான். ஆனால் இரைப்பையைச் சுருங்க வைக்கும் அதே பொருளை அடைப்பதால் உங்கள் மந்தம் இன்னும் கூடும். இந்த வயதில் மறதியும் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரக் கூடும். ஒரு மருந்து தந்த கோளாறுக்கு இன்னொரு மருந்தைச் சேர்த்து, அது தரும் வயிற்று மந்தத்துக்கு மறுபடி முடுக்கியைக் கூட்டிச் சுழலும் பலரை நான் பார்த்திருக்கிறேன். வயிற்று வலிக்கு வாங்கும் டைசைக்ளோமின், முட்டி வலிக்கு எழுதும் டிரமடால், எடைக்கும் சர்க்கரைக்கும் இப்போது பரவலாகப் போடப்படும் செமாகுளுடைடு, லிராகுளுடைடு ஊசிகள் ஆகியவையும் இரைப்பையை மெதுவாக்குபவை. இவற்றில் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் வாழைத்தண்டும் கீரையும் நார்ச்சத்துமாக உண்ணும் பழக்கம் உங்களுக்கும் இருக்கலாம். சாதாரணச் சர்க்கரை நோயாளிக்குப் பொன்னான அந்த அறிவுரை, இரைப்பை மந்தமானவருக்குப் பொருந்தாது. முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கின் நார், பச்சைக் காய்கறி, ஆரஞ்சின் வெள்ளைத்தோல் ஆகியவை அரைபடாமல் தேங்கி உருண்டையாகக்கூடத் திரளும். கீரையை விட்டுவிட வேண்டாம். வேகவைத்து மசித்து, வடிகட்டிய சாறாக உண்ணுங்கள். ஆட்டுக்கல்லின் வேலையை இரைப்பைக்கு விடாமல் அடுப்படியிலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. நன்றாக ஊறிய இட்லி, குழைய வடித்த ரசம் சாதம், கடைந்த பருப்பு, ஆடை நீக்கிய தயிரில் பிசைந்த சாதம் இவையெல்லாம் எளிதில் இறங்கும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழைந்த சோறு சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதால் அளவை மட்டும் கவனியுங்கள். பகல் உணவுக்குப்பின் கட்டிலில் சாயாமல் திண்ணையில் நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது வாசலில் மெல்ல நடங்கள். இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

லெவோசல்பிரைடை நிறுத்தினால் வயிறு பழையபடி தொல்லை தருமே என்று நீங்கள் தயங்கலாம். சில நாள் தரும். அமிலத்துக்குரிய ரேபிபிரசோலைத் தனி மாத்திரையாகத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மந்தம் உறுதியான பின், மூளைக்குள் அதிகம் புகாத ஐட்டோபிரைடு போன்ற ஒன்றை, கெடு வைத்து அவர் தொடங்கலாம். அதன் பலன் மிதமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்தினால் வந்த நடுக்கம் அதை நிறுத்திய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒரு சிலரிடம் தணியாது. ஏற்கெனவே உள்ளே தொடங்கியிருந்த பார்க்கின்சன் நோயை மருந்து முன்கூட்டியே வெளிக்காட்டியிருக்கும். அந்த நோயும் இரைப்பையை மந்தமாக்கும் என்பதால், உங்கள் வயிற்றுத் தொல்லைக்கே சர்க்கரையோடு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும். மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் போகும்போது ஐந்து ஆண்டு மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். நீங்கள் கையால் எழுதி அனுப்பிய கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன்; இரண்டாம் முறை செய்திக்காக அன்று, எழுத்துக்காக. ஒவ்வொரு வரியும் தலைமையாசிரியருக்குரிய நிமிர்ந்த எழுத்தில் தொடங்கி, வரி முடிவதற்குள் சிறுத்துக் குறுகிவிடுகிறது. டோபமின் குறைந்த கையின் எழுத்து அப்படித்தான் இருக்கும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மருந்து நின்று மூன்று மாதம் கழித்து, அதே போன்ற கோடில்லாத தாளில், அதே பேனாவால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.